‘யாரிடமும் சொல்லக் கூடாது’: மிரட்டும் குரலுக்குச் சிலர் மட்டும் பணியாதது ஏன்?

காவல் அதிகாரி என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டி, ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடக்கும் பண மோசடி, செய்திகளில் அன்றாட நிகழ்வாகிவிட்டது. 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களில் மட்டும் இம்மோசடியில் நாடு முழுவதும் பறிபோன தொகை 120.30 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் தமது வானொலி உரையில் இதைக் குறித்து எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

இச்செய்திகளைப் படிக்கும் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இத்தனை படித்தவர், இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், எப்படி ஏமாந்தார்?’ கடலூர் மஞ்சக்குப்பத்துத் தேநீர்க் கடையிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருவோரிடையிலும் இதே கேள்விதான் எழுகிறது. இக்கேள்விக்குள் ஏமாந்தவர்மீதான ஏளனம் ஒளிந்திருப்பதால், பாதிக்கப்பட்டவர்கள் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூசுகிறார்கள். பயன் தரும் கேள்வி மறுபக்கத்தில் இருக்கிறது. அதே அழைப்பும் அதே காக்கிச் சட்டையும் அதே மிரட்டலும் வந்தபோது, இரண்டே நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்தவர் எதனால் துண்டித்தார்? கூட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் பணியாமல் நிற்பது எப்படி நிகழ்கிறது என்பதை உளவியல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. பிறவித் துணிச்சலைவிட, பக்கத்தில் இன்னொருவர் இருந்தாரா என்பதையே அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன.

அழைப்பு எப்படி நடக்கிறது

ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். காலை பத்து மணிக்கு வரும் அழைப்பு, அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டதாகச் சொல்கிறது. சிறிது நேரத்தில் அது வாட்ஸ்அப் வீடியோ அழைப்பாக மாறுகிறது. திரையில் சீருடை, பின்னால் காவல் நிலையத்தைப் போன்ற அறை, நீதிமன்ற முத்திரையுடன் ஒரு தாள். கேமராவின் பார்வையிலிருந்து விலகக் கூடாது என்று உத்தரவு வருகிறது. அவர் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து வரட்டுமா என்று திரையைப் பார்த்து அனுமதி கேட்கிறார். பகல் ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அழைப்புமணியை அழுத்தும்போது, சன்னல் வழியாகவே ‘தலைவலி, அப்புறம் வாங்க’ என்று அனுப்பிவிடுகிறார்.

இந்த மோசடி நான்கு கண்ணிகளால் ஆனது.

1. அச்சம்: சிறை, அவமானம், பிள்ளைகளின் வேலைக்கு ஆபத்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் மிரட்டல்.

2. அதிகாரத்தின் வேடம்: சீருடை, பதவிப் பெயர், முத்திரை, அடையாள எண்.

3. தனிமை: ‘விசாரணை ரகசியமானது, யாரிடமும் சொல்லக் கூடாது’ என்ற கட்டளை.

4. சிறு படிகள்: முதலில் பெயரை உறுதி செய்வது, பிறகு ஆதார், பிறகு வங்கிக் கணக்கு விவரம், கடைசியில் ‘சரிபார்ப்புக்காக’ முழுத் தொகையையும் மாற்றுவது.

இவற்றுள் மூன்றாவதே அச்சாணி என்பதை இனி வரும் சான்றுகள் காட்டும்.

ஒத்துப்போதலும் கீழ்ப்படிதலும்

இவ்விரண்டையும் பேச்சில் ஒன்றாகவே வழங்குகிறோம் என்றாலும், இவை வேறு வேறானவை. நமக்குச் சமமானவர்கள் செய்வதைப் பார்த்து, யாரும் கட்டளையிடாமலே நம் கருத்தையோ செயலையோ மாற்றிக்கொள்வது ஒத்துப்போதல். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற எண்ணம் அதன் ஊற்று. மேலிடத்தில் இருப்பவர் சொன்னதற்காக, நம் மனம் ஒப்பாதபோதும் செய்வது கீழ்ப்படிதல். முன்னதில் ஒதுக்கப்படுவோமோ என்ற பயமும், பின்னதில் தண்டிக்கப்படுவோமோ என்ற பயமும் வேலை செய்கின்றன. இரண்டுமே பெரும்பாலும் நன்மைக்கு உதவுபவை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாலை விதியும் ரேஷன் கடை வரிசையும் இவற்றால்தான் நிற்கின்றன.

கோடுகளும் நாலு பேரும்

ஒத்துப்போதலைப் பற்றிய புகழ்பெற்ற சோதனையைச் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடும் மற்றோர் அட்டையில் மூன்று கோடுகளும் இருக்கும். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒருமுறைகூடத் தவறு வராத அளவுக்கு எளிய கேள்வி அது. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் ஆய்வாளர் ஏற்பாடு செய்தவர்கள். பதினெட்டுச் சுற்றுகளில் பன்னிரண்டில் அவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையை உரக்கச் சொன்னார்கள். அச்சுற்றுகளில் சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை கூட்டத்தின் தவறையே பின்பற்றின. அதே சமயம், ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒருமுறைகூடப் பணியவில்லை. இரண்டாவது எண்ணிக்கையைப் பாடநூல்கள் வேகமாகக் கடந்துவிடுகின்றன.

கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் ஆஷ் அளந்தார். எதிரில் ஒரே ஒருவர் தவறாகச் சொன்னபோது அழுத்தம் அநேகமாக இல்லை. இருவர் ஆனபோது தவறுகள் 13.6 விழுக்காடு, மூவர் ஆனதும் 31.8, நால்வர் ஆனபோது 35.1. அதற்குமேல் ஆட்களைக் கூட்டியும் பெரிய மாற்றம் இல்லை. ‘நாலு பேர்’ என்று நம் முன்னோர் எண்ணிக்கையிட்டு வைத்தது எத்தனை துல்லியம் என்று வியக்கத் தோன்றுகிறது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார் ஆஷ். உடனே பணிந்துபோகும் விடைகள் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தன. அந்த ஒருவர் சரியாகச் சொல்லாமல், கூட்டம் சொன்னதைவிடப் பெரிய தவறைச் சொன்னபோதும்கூடப் பணிவு வெகுவாகக் குறைந்தது. அதாவது, துணைவர் சொன்னது சரியா என்பதைக் காட்டிலும், சுவரில் ஒரு விரிசல் விழுந்ததே முக்கியமாக இருந்தது. துணையாக நின்றவர் பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்தபோது தவறுகள் மறுபடி ஏறின. அவர் வேறு வேலையாக அறையைவிட்டு வெளியேறியபோதோ, அவர் கொடுத்த தெம்பு ஓரளவு அறையிலேயே தங்கியிருந்தது.

நூற்றைம்பது வோல்ட்டில் நிறுத்தியவர்கள்

கீழ்ப்படிதலைப் பற்றிய சோதனையை ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அடுத்த அறையில் இருக்கும் ‘மாணவர்’ தவறாக விடை சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி கொடுக்கும்படி பங்கேற்பாளருக்குச் சொல்லப்பட்டது. 15 வோல்ட்டில் தொடங்கி, 15 வோல்ட் வீதம் ஏறி, 450 வரை முப்பது பொத்தான்கள். மின்சாரமும் அலறலும் போலியானவை என்பது பங்கேற்பாளருக்குத் தெரியாது. ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். 1963இல் வெளியான முதல் முடிவில் 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான்வரை சென்றார்கள். 14 பேர் நடுவில் நிறுத்தினார்கள். பங்கேற்பாளர்களில் சிலர் ஏமாற்று வேலையைச் சந்தேகித்திருந்தார்கள் என்பன போன்ற விமர்சனங்கள் இந்த ஆய்வின்மீது உண்டு, அவை நியாயமானவையும்கூட. இருந்தாலும் நிலைமையை மாற்ற மாற்றப் பணிவு எப்படி ஏறி இறங்கியது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

1. உடன் அமர்ந்திருந்த இருவர் மறுத்து எழுந்துகொண்டபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை சென்றார்கள்.

2. உத்தரவிடும் அதிகாரிகள் இருவர் தங்களுக்குள் முரண்பட்டபோது, ஒருவர்கூடக் கடைசிவரை செல்லவில்லை.

3. அதிகாரி அறையில் இல்லாமல் தொலைபேசியில் உத்தரவிட்டபோது, பணிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். மோசடிக்காரர்கள் வெறும் குரலோடு நிற்காமல் வீடியோவை வற்புறுத்துவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

4. மறுத்தவர்கள் எந்த இடத்தில் மறுத்தார்கள் என்பதைப் பிற்கால ஆய்வு ஒன்று தொகுத்துப் பார்த்தது. மறுப்பு மிகுதியாக நிகழ்ந்த இடம் 150 வோல்ட். ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று மாணவர் முதன்முதலாகக் கேட்கும் இடம் அதுதான். அந்தத் தெளிவான கோட்டைத் தாண்டிவிட்டவர்கள் பெரும்பாலும் தாண்டிக்கொண்டே போனார்கள்.

மறுத்தவர்களில் ஒரு பொறியாளரைப் பற்றிய பதிவு நெஞ்சில் நிற்பது. சுமார் 250 வோல்ட் அளவில் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மின்அதிர்ச்சி என்றால் என்னவென்று தம் தொழிலில் தாமே பட்டு அறிந்தவர் அவர். ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’ என்று அதிகாரி சொன்னபோது, தாம் சொந்த விருப்பத்தில் வந்தவர் என்றும், தமக்கு வழி இருக்கிறது என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டார். 2009இல் வெளியான மறுசோதனை ஒன்றிலும் இதே வாக்கியம் சொல்லப்பட்ட எவரும் அதன்பின் தொடரவில்லை. ‘வேறு வழியே இல்லை’ என்று அதிகாரம் வாய்விட்டுச் சொல்லும் நொடியில்தான், அதைக் கேட்பவர், வழி இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

ஒரு தொழிலாளி வந்தபோது

ஆய்வகத்துக்கு வெளியே, 2004 ஏப்ரலில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓர் உணவகத்துக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. தன்னைக் காவல் அதிகாரி என்று சொல்லிக்கொண்டவன், 18 வயதுப் பெண் ஊழியர் ஒருவர்மீது திருட்டுப் பழி சுமத்தி, அவரைப் பின்னறையில் அடைத்து வைத்துச் சோதனையிடும்படி உதவி மேலாளரிடம் சொன்னான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நகர்த்தி, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்த அந்த அழைப்பில் அந்தப் பெண்ணுக்குப் பெரும் கொடுமை இழைக்கப்பட்டது. கடைசியாக, உணவகத்தில் பராமரிப்பு வேலை செய்த முதியவர் ஒருவரை அழைத்து, காவலைத் தொடரும்படி கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகே உதவி மேலாளருக்குச் சந்தேகம் வந்தது, தொலைபேசிக் குரல் சொன்னதைச் சரிபார்த்தார், நாடகம் முடிந்தது. அந்தத் தொழிலாளி முதல் மணி நேரத்தில் வரவில்லை என்பதால், ஒவ்வொரு படியாக ஏற்றப்படவும் இல்லை. நேராகக் கடைசிப் படியைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் காட்டிலும் வெளியிலிருந்து வருபவரின் கண் தெளிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் கேட்கும் இரண்டாவது ஆள்

இந்திய நீதித்துறையும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. காவலில் நடக்கும் கொடுமைகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, கைதுக் குறிப்பில் குடும்ப உறுப்பினரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதான செய்தி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கப்பட வேண்டும். இவை பின்னர் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கின்றன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்து வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

மோசடிக்காரரின் கட்டளையை இதனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உண்மையான கைதில் உறவினருக்குச் சொல்வது காவல்துறையின் கடமை. போலிக் கைதில் உறவினரிடம் சொல்வது குற்றம் என்று மிரட்டுகிறார்கள். இந்த ஒரே வேறுபாடு மனதில் பதிந்திருந்தால், சீருடையும் முத்திரையும் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சொல் வந்தவுடன் அழைப்பு போலி என்று தெரிந்துவிடும்.

இம்மண்ணின் மறுப்புகள்

பணிய மறுத்தவர்களின் கதைகளுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் குறைவில்லை. அவற்றைத் தனிமனித வீரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இன்னோர் ஆள் தெரிவார்.

பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணியாத திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததாகவும், அந்தக் கல்லே மிதந்து அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகவும் சைவ மரபு கூறுகிறது. கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அதே மரபு, திருவதிகையில் அவருக்காகக் காத்திருந்த அக்காள் திலகவதியாரையும் விடாமல் சொல்கிறது.

கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள், பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்துக்குச் சிறுமியாக இருந்த தம் மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்றார். இருவரும் சிறை சென்றார்கள். அவருடைய போராட்டங்களுக்குக் கணவர் முருகப்பா உடன் நின்றார். காந்தி கடலூர் வந்தபோது அவரை அஞ்சலையம்மாள் சந்திக்கக் கூடாது என்று தடை இருந்தும், பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று சந்தித்தார் என்பது இம்மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பாரதியாரின் கதை இன்னும் நுட்பமானது. 1908இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கைக்கு எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்த அவர், பத்தாண்டுகள் வளையாமல் இருந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தார்கள். உளவாளிகள் சூழ்ந்திருந்தாலும் பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் அடைபட்டபோது, அரசு விதித்த நிபந்தனைகளை ஏற்றே வெளியே வந்தார். அஞ்சாமையைப் பாடிய கவிஞருக்கே இது நேர்ந்தது. இதை அவருடைய குறையாகக் கருதுவது அறியாமை. வறுமையும் நலிந்த உடலும் சிறைத் தனிமையும் ஒரு மனிதரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதைத்தான் அது காட்டுகிறது. போலி அதிகாரியிடம் பணிந்த ஓய்வூதியரைக் கோழை என்று பேசுபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளர்ப்புக்குப் பங்கு உண்டா?

உண்டு. நாஜி ஆட்சியில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களில் 406 பேரைச் சாமுவேல் ஒலினரும் பேர்ல் ஒலினரும் நேர்கண்டு 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய பெற்றோர், தண்டிப்பதைவிடக் காரணம் சொல்லி விளக்குவதையே அதிகம் கையாண்டிருந்தார்கள். காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளை, உத்தரவு வரும்போதும் காரணத்தை எதிர்பார்க்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: காப்பாற்றியவர்களில் மூன்றில் இரு பங்கினர், யாரோ வந்து உதவி கேட்டதால்தான் அச்செயலில் இறங்கினார்கள். இங்கும் கதவைத் தட்டிய இன்னோர் ஆள் இருக்கிறார். ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதையே ஒழுக்கமாகக் கற்பிக்கும் வீடும் பள்ளியும், பிற்காலத்தில் அதே பிள்ளைகள் போலி அதிகாரியிடம் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுப்பும் முரண்டும்

எதற்கெடுத்தாலும் மறுப்பவரையும் பணியாதவரையும் ஒன்றாகக் கருதக் கூடாது. உத்தரவு என்பதற்காகவே நேர்மாறாகச் செய்பவரையும் உத்தரவுதான் ஆட்டுவிக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் போன்ற வேளைகளில், தாழ்வான பகுதியிலிருந்து வெளியேறச் சொல்லும் அதிகாரியிடம் முரண்டு பிடிப்பது உயிரோடு விளையாடுவது. நல்ல உத்தரவையும் போலியையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. புயல் எச்சரிக்கையை ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்கிறார்கள். பத்துப் பேரிடம் கேட்டாலும் அதே செய்திதான் கிடைக்கும். மோசடிக்காரரின் உத்தரவு ஒரே ஒருவர் காதுக்கு மட்டும் வருகிறது. இரண்டாவது காதை அது தாங்காது.

என்ன செய்யலாம்

பணியாமை முன்கூட்டியே செய்யப்பட வேண்டிய ஏற்பாடு. மிரட்டல் நடக்கும் நேரத்தில் துணிச்சலைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

1. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரோடு ஒரே ஒரு பேச்சை இப்போதே முடித்து வைக்க வேண்டும்: ‘யார் அழைத்தாலும், என்ன குற்றம் சொன்னாலும், முதலில் என்னிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன்.’ கடைசிச் சொற்கள் முக்கியமானவை. திட்டுக்குப் பயந்தே பலர் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள்.

2. நிறுத்தும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சொல்லும், பணத்தை மாற்றச் சொல்வதும் அந்த 150 வோல்ட் கோடுகள். அவற்றில் ஒன்று வந்ததும் அழைப்பைத் துண்டிக்க வேண்டும்.

3. பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எத்தனை விரைவாகச் சொல்கிறோமோ, கணக்கை முடக்கிப் பணத்தைத் தடுக்கும் வாய்ப்பு அத்தனை அதிகம்.

4. வங்கி ஊழியர்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. வைப்புத்தொகையை முறித்துப் பெருந்தொகை அனுப்ப வரும் முதியவருக்கு, வீட்டு வாசலைத் தாண்டியபின் கிடைக்கும் முதல் மனிதர் அவர்கள்தான்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை மாலை மூன்று மணிக்கு வங்கிக்கு வருவதாகக் கொள்வோம். கைப்பையில் போன் துண்டிக்கப்படாமல் இருக்கிறது; அங்கே நடக்கும் ஒவ்வொரு பேச்சையும் மறுமுனை கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘எதற்கு இவ்வளவு பணம்?’ என்று கேட்டால், சொல்லிக் கொடுத்தபடி ‘பேத்தி கல்யாணத்துக்கு’ என்பார். ஆகவே ஊழியர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். ஒரு தாளில் ‘இப்போது உங்கள் போனில் யாராவது இருக்கிறார்களா?’ என்று எழுதி, கண்ணாடிக்கு அடியில் அவர் பக்கம் தள்ளினால் போதும்.